பெட்டிக்குள் பூட்டிய கதைகள்

"விளையாட்டாய்ச் சொன்னேன்" என்று சொல்லி ஒன்றின் கனத்தைக் குறைப்பது நம் வழக்கம். ஆனால் இன்று விளையாட்டு வெறும் விளையாட்டாக இல்லை. அது பெருவணிகமாகவும், கதை சொல்லும் கலையாகவும் வளர்ந்து நிற்கிறது.

அண்மையில் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலே இக்கட்டுரைக்கு வித்து. பள்ளியில் பயிலும் என் மகன், "அத்தா, நான் ஆட விரும்பும் கதை நம் வீட்டுப் பெட்டியில் வராது. அதற்கு வேறு பெட்டி வாங்க வேண்டும்" என்றான். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியையே அவன் குறித்தான். "ஒரு நூலைப் படிக்க, அதை விற்ற கடையின் மூக்குக் கண்ணாடியைத்தான் அணிய வேண்டுமா?" என்று கேட்டேன். "ஆமாம் அத்தா, அப்படித்தான்" என்றான். அவனுக்கு அது இயல்பாக இருந்தது. எனக்கோ வியப்பாக இருந்தது.

இந்தப் பூட்டுக்குப் பின்னே தெளிந்த வணிகக் கணக்கு உண்டு. பெட்டியைக் குறைந்த ஆதாயத்திற்கு, சில வேளைகளில் இழப்புக்கே விற்றுவிட்டு, அதில் ஆடப்பெறும் விளையாட்டுகளின் விற்பனையில் பங்கு பெறுவது நிறுவனங்களின் வழக்கம். ஆகவே வேறெங்கும் கிடைக்காத விளையாட்டே வாங்குவோரை ஈர்க்கும் காந்தமாகிறது. 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வழியாக இவ்வுத்தியை உலகுக்கு உணர்த்தியது. 1994இல் பிளேஸ்டேஷனுடன் வந்த சோனியும், 2001இல் எக்ஸ்பாக்ஸுடன் வந்த மைக்ரோசாப்டும் அவ்வழியே நடந்தன.

இம்முறை முற்றிலும் தீதென்று கூறிவிட முடியாது. புரவலர் இன்றிப் பெருங்காப்பியம் பிறப்பது அரிது. கம்பருக்குச் சடையப்ப வள்ளல் துணை நின்றார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயரும் கை கொடுத்தனர் என்பது வரலாறு. வீடியோ விளையாட்டிலும் அவ்வாறே. 2004 முதல் 'கில்ஸோன்' என்னும் போர் விளையாட்டையே தொடர்ந்து படைத்து வந்த ஆம்ஸ்டர்டாம் நகரக் குழுவினர், சோனியின் பொருளுதவியால் 2017இல் 'ஹொரைஸன்' என்னும் புத்துலகைப் படைத்தனர். புதியது படைப்பதில் இடரும் உண்டு. அதே சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கான்கார்ட்' இரண்டே வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதனைப் படைத்த நிறுவனமும் மூடப்பட்டது. இத்தகைய இடரை ஏற்பவர் சிறிது காலம் பலனைத் தமக்கே உரியதாக்கிக் கொள்வதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. சடையப்பர் வீட்டு முற்றத்தில் மட்டுமே இராமகாதை பாடப்பட வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. சீறாப்புராணம் மரைக்காயர் மாளிகைக்குள் அடங்கிக் கிடக்கவுமில்லை. புரவலர் பெயர் நூலில் நின்றது. நூல் மக்களிடம் சென்றது.

புதியதைப் படைத்துத் தனதாக்குவது ஒன்று. எல்லாரும் ஆடி வந்ததை விலைக்கு வாங்கிப் பூட்டுவது மற்றொன்று. ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டு நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2023இல் வாங்கியபோது, பல நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகள் இந்த ஐயத்தையே எழுப்பின. 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டைப் போட்டியாளர் பெட்டிகளுக்கும் பத்தாண்டுகள் தருவதாக அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது.

பூட்டின் பெருந்தீங்கு காலம் செல்லச் செல்லத்தான் தெரியும். ஏடுகளை உறையிட்டு வைத்தவர் வீடுகளில் கறையான் தின்றவை எத்தனை! உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து தேடியிராவிடில், 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியிருக்குமா? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று அவற்றின் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023இல் அறிவித்தது. பெட்டி பழுதானால் அதனுள் பூட்டிய கதையும் உடன் மடிகிறது.

செலவுப் பெருக்கம் இன்று பூட்டியவர்களையே திறக்க வைத்துள்ளது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்திற்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானது. அத்துணைப் பொருளை ஒரே பெட்டியின் வாடிக்கையாளரிடம் மீட்பது எளிதன்று. 2020இல் 'ஹொரைஸன்' கணினிக்கும் வந்தது. 2024இல் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுகள் சிலவற்றைப் போட்டியாளர்க்கும் தந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? புனே நகரக் குழு படைத்த 'ராஜி' 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோவின் பெட்டிக்கும், அக்டோபரில் பிறவற்றிற்கும் வந்தது. சிறிது காலப் பூட்டு; பின்னர் பொதுவழி. இதுவே ஏற்கத்தக்க முறை எனலாம். 2023இல் சோனி 'இந்தியா ஹீரோ புராஜெக்ட்' என்னும் திட்டத்தால் இந்தியப் படைப்பாளிகளைத் தேடி வந்தது.

அதே 2023இல், கனடாவின் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அன்னையின் சமையற் குறிப்பேட்டில் சிதைந்த வரிகளை ஊகித்து நிரப்பிச் சமைக்கும் கதை அது. பதிப்பாசிரியர் செய்யும் பாடமீட்பை அடுப்படியில் செய்யும் விளையாட்டு! அது ஒரு பெட்டிக்குள் அடங்காமல் பல பெட்டிகளிலும் கணினியிலும் ஒருங்கே வெளிவந்து, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கு வழங்கும் விருதைப் பெற்றது.

மாணவச் செல்வங்களே! விளையாட்டுக்கும் கதை வேண்டும், உரையாடல் வேண்டும், மொழி வேண்டும். நாளை உங்களுள் ஒருவர் அதனை எழுதக்கூடும். அன்று ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: இக்கதை எத்தனை ஆண்டுகள் பூட்டப்படும்? பெட்டி மறைந்த பின் இது எங்கே வாழும்? வீட்டுப் பெரியோர்களும், "விளையாட்டுத்தானே" என்று இதனை ஒதுக்கிவிடாமல், பிள்ளைகளின் அருகமர்ந்து ஒருமுறை பார்த்தல் நலம்.

என் மகனுக்கு நான் இரண்டாவது பெட்டியை வாங்கித் தரவில்லை. அவன் விரும்பிய அக்கதையை எனக்குச் சொல்லுமாறு கேட்டேன். இரவு வெகுநேரம் சொன்னான். நன்றாகவே இருந்தது. நல்ல கதை எந்தப் பூட்டையும் கடந்து வந்துவிடுகிறது. நம் வேலை, அது வரும் வழியை அடைக்காமல் காப்பதே.