நாலாவது சிகரம்

இந்த உலகத்தில் மனிதனுக்கு நேரக்கூடிய சங்கடங்கள் பல. அவற்றுள் பெரியது, அதிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கும் வழக்கமுள்ள ஒரு நண்பர் வாய்ப்பதுதான். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். எழுந்திருப்பதோடு அவர் நிறுத்திக்கொண்டாலும் பாதகமில்லை. எழுந்தவுடன் ஓடுகிறார். அதுவும் வைகைக் கரையிலோ, தமுக்கம் மைதானத்திலோ அல்ல. மலைமேல் ஓடுகிறார்!

மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் வந்து, "ஓய், ஞாயிற்றுக்கிழமை உமக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு வேலை உண்டா? சும்மா இருப்பதுதான் வேலை" என்றேன்.

"அப்படியானால் புறப்படும். ஒரே நாளில் நாலு மலை ஏறுகிறோம். மலைக்கும் மலைக்கும் நடுவே மோட்டார் சைக்கிள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஓட்டம்."

"நீர் ஓடும்; நான் நடக்கிறேன்" என்று உடன்படிக்கை செய்துகொண்டு சம்மதித்தேன்.

மதுரையைப் பாராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மலைகளை இமயத்தோடு ஒப்பிட வேண்டாம். நாலு புறமும் வயலும் பொட்டலுமாகக் கிடக்கும் சமவெளியில், யாரோ வைத்துவிட்டு மறந்து போனாற்போல் அங்கங்கே ஒரு பெரும் பாறை எழுந்து நிற்கும். அதுதான் மலை. இவற்றில் எட்டை எண்பெருங்குன்றம் என்று கொண்டாடி, சமண முனிவர்கள் பல நூற்றாண்டுகள் குகைகளில் கற்படுக்கை வெட்டி வாழ்ந்தார்கள். ஊரை விட்டு விலகியும் இருக்க வேண்டும், ஊருக்குள் வந்து பிச்சை ஏற்கவும் வேண்டும் என்கிறவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான மலைகள் கிடைப்பது அரிது.

முதலில் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணமலை. அய்யனார் கோயிலையும், ஆலமரத்தையும், தாமரைக் குளத்தையும் தாண்டினால் பாறையில் வெட்டிய படிகள் தொடங்குகின்றன. நண்பர் மான் போலப் பாய்ந்து மறைந்தார். நான் எருமையைப் போல் ஏறினேன். பாதி வழியில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் ஒரு சுனையும், அதன் அருகே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. செய்வித்தவர்களின் பெயர்களை வட்டெழுத்தில் கீழே பொறித்திருக்கிறார்கள். அந்த எட்டையும் என் நண்பர் எட்டு விநாடியில் கடந்திருப்பார். நான் அங்கே உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன்.

உச்சியை அடைந்தபோது அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஓடிய தூரம், ஏறிய உயரம், இருதயம் நிமிஷத்துக்கு எத்தனை முறை அடித்தது என்பது வரை அந்தக் கடிகாரம் சொல்லுகிறது.

"உம்முடைய இருதயம் எத்தனை?" என்று கேட்டார்.

"அது இன்னும் கீழே சுனையருகில்தான் இருக்கிறது. வந்து சேர்ந்ததும் கேட்டுச் சொல்லுகிறேன்" என்றேன்.

இரண்டாவது, ஊருக்கு வடகிழக்கே மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்திருக்கும் யானைமலை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வெட்டப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒன்று இம்மலையை இவ குன்றம் என்று குறிப்பிடுகிறது. இவம் என்றால் யானை. அன்று முதல் இன்று வரை பார்த்தவர்களுக்கெல்லாம் அது யானையாகவே தோன்றியிருக்கிறது. அடிவாரத்தில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770-ஆம் ஆண்டில் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது.

நண்பர் யானையின் முதுகைத் தேடி ஓடினார். நான் சமணச் சிற்பங்கள் உள்ள குகையோடு நின்றுவிட்டேன். வெயில் ஏற ஏறப் பாறை தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தது. 2010-ஆம் ஆண்டை ஒட்டி, இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஒன்று அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அதை எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. அந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' பிறந்தது. அதன் பின் எத்தனையோ குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு இந்த மலைகளைப் பார்க்கக் கிளம்பின. அவர்களும் என்னைப் போல் நடக்கிறவர்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

மூன்றாவது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். நண்பர் பாறைச் சரிவில் ஓடத் தொடங்கியதும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி திடுக்கிட்டு எழுந்து, "ஏஞ்சாமி அவுக இப்படி ஓடுறாக? நாய் எதுவும் தொரத்துதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லை அப்பத்தா, உச்சிக்குப் போகிறார்."

"உச்சியிலே என்ன இருக்கு? அங்கே பெய்யிற தண்ணிகூட நிக்காம கீழேதானே வருது!"

இதைச் சொல்லிவிட்டு அவள் கையை நீட்டிக் காட்டினாள். பாறையில் விழும் மழை சுனைக்கு வருகிறது. சுனை நிறைந்து ஓடைக்கு வருகிறது. ஓடை கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் வயலுக்குப் பாய்கிறது. மலை என்றால் அவளுக்கு உச்சி அல்ல; தண்ணீர் புறப்படும் இடம். சிகரங்களை எண்ணிக்கொண்டு வந்த நாங்கள் இருவரும் அதுவரை ஒரு கண்மாயையாவது திரும்பிப் பார்க்கவில்லை.

வல்லூறும் ராஜாளியும் உட்பட சுமார் 250 வகைப் பறவைகள் காணப்படும் இந்த இடத்தை, பக்கத்து மீனாட்சிபுரத்தோடு சேர்த்து, தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இவ்வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் உலோகம் வெட்டுவதற்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஊர்வலமாக வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசாங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. அவர்களில் யாரும் மலை உச்சியை எட்டிப் பிடிக்கப் போராடியவர்கள் அல்ல. கீழே வந்து சேரும் தண்ணீருக்காகப் போராடியவர்கள்.

மாலை நாலு மணிக்கு நாலாவது மலைக்குக் கிளம்பினோம். அதன் பெயரை நண்பர் சொல்லவே இல்லை. மேலூருக்கு அப்பால் அவருடைய தாய்மாமன் ஊர் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதல் முதலாக ஏறிய குன்று அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்ததாம். அதன் பிறகு படிப்பு, உத்தியோகம் என்று முப்பது ஆண்டு அந்தப் பக்கம் போகவில்லை.

போனோம். குன்று இல்லை.

அது நின்ற இடத்தில், செங்குத்தாக அறுத்த சுவர்களுக்கு நடுவே, பச்சை நிறத்தில் தண்ணீர் ஆழமாகத் தேங்கிக் கிடந்தது. அறுத்து எடுத்தும் கொண்டுபோகாமல் விட்ட பெரும் கற்கள், எண் எழுதப்பட்டு, கரையில் அடுக்கியிருந்தன. மேலூர் வட்டாரத்தில் இப்படி எத்தனையோ குன்றுகள் கிரானைட் கல்லாகக் கப்பல் ஏறிப் போயின. அங்கே நடந்த முறைகேடுகள் பற்றி அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் எழுதிய அறிக்கை 2012-இல் வெளிவந்தது. 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. பத்திரிகையில் இவற்றையெல்லாம் நான் படித்திருக்கிறேன். படித்ததற்கும், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு நண்பரோடு நின்றதற்கும் வெகு தூரம்.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மேலே ஏறினதும் தாத்தா ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார்" என்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் அவர் அதைப் பார்க்காமல் இருந்தது அப்போதுதான்.

இரவு வீடு திரும்பினேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே அடுப்பு வைத்திருக்கும் மேடை, முகம் பார்க்கலாம் போல் பளபளவென்று மெருகிட்ட கருங்கல். நாலு ஆண்டுக்கு முன் கடையில் போய் நானும் என் மனைவியும் அரை நாள் தேடிப் பொறுக்கியது. அது எந்த ஊர்க் கல் என்று கடைக்காரரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாருடைய தாத்தா யாருக்கு வெல்லம் கொடுத்த உச்சியோ! டம்ளரை அதன்மேல் வைக்கும்போது சற்று மெதுவாக வைத்தேன். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குன்று இருந்தால், அடுத்த விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏறுங்கள். ஓட வேண்டாம். அதன் சுனைகளுக்கு என்ன பெயர், மழைத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மலைக்கு ஆபத்து என்று செய்தி வரும் நாளில், அதன் பெயர் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேராவது இருக்க வேண்டும். கையோடு கொஞ்சம் வெல்லமும் கொண்டுபோங்கள்.

என் நண்பர் நேற்று மறுபடியும் வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரிட்டாபட்டிக்குப் போகலாம் என்றார். ஓடப் போவதில்லையாம், கண்மாய்க் கரையைச் சுற்றி நடந்து வரலாமாம். சந்தோஷமாகச் சம்மதித்தேன். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு" என்றார்.