புள்ளி வைத்த அம்மா

அலுமாரியின் மேல்தட்டில், கலியாண அல்பத்துக்குக் கீழே பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடந்தது. நான் எழுதிய பத்திகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டிய பிறகுதான் அதன் ஞாபகம் வந்தது. கணனியில் செருகினேன். நல்லகாலம், உயிர் இருந்தது. ஆனால் உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை. ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’. ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டு போனதில் ஒரு பின்னேரம் கழிந்தது. எட்டுக் கட்டுரை கிடைத்தது.

கம்பஸில் கணனி படிக்கிற அக்காவின் மகன் அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தான்.

“மாமா, இப்பிடிச் சொடுக்கிக்கொண்டிருந்தா விடிஞ்சிடும். கறுப்பு யன்னலைத் திறவுங்கோ.”

“அது பிழைச்சுக் கிழைச்சுப் போகாதோடா?”

“பட்டியல்தானே கேக்கப் போறியள். கேட்டா ஒண்டும் அழியாது.”

கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையில் டி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்து அடிக்கச் சொன்னான். அந்த உறைக்குள் இருப்பவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கட்டளை அது. பக்கத்தில் ஒரு சாய்கோடும் எஸ்ஸும் போட்டால் உள்ளே இருக்கும் உறைகளுக்குள்ளும் நுழைந்து பார்க்கும். இன்னொரு சாய்கோடும் பியும் போட்டால் திகதி, அளவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுவிலாசத்தோடு பெயரை மட்டும் தரும். கடைசியில் வலப்பக்கம் பார்க்கிற அம்புக்குறியும் ஒரு கோப்பின் பெயரும் போட்டால், வருவதெல்லாம் திரையில் ஓடி மறையாமல் அந்தக் கோப்புக்குள் போய் விழும். சோறு வடித்த கஞ்சியைச் சட்டியில் ஏந்துகிற மாதிரி.

ஏந்தியாயிற்று. திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி.

காரணம் சின்னது. அந்த யன்னல் பழைய 256 குறிகள் கொண்ட அமெரிக்க அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. தமிழ் அதில் இல்லை. தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. யாழ்ப்பாணம் நமக்கு ஆறெழுத்து. காலும் புள்ளியும் கணனிக்குத் தனித்தனிக் குறிகள் என்பதால் அங்கே பதினொரு கேள்விக்குறி நின்றது. மருமகன் சி, எச், சி, பி என்று அடித்து, இடைவெளி விட்டு 65001 என்று ஓர் எண்ணைப் போட்டான். யூனிகோட்டில் எழுது என்று அதற்கு அர்த்தமாம். திரும்பவும் அதே கட்டளை. இந்த முறை தமிழ் வந்தது.

வந்த ஒழுங்குதான் கண்ணை உறுத்தியது. ஊர்கள் பற்றி எழுதியவற்றை ஊர்ப்பெயரிலேயே வைத்திருந்தேன். புங்குடுதீவு, புத்தூர் வரை சரி. அடுத்துப் புன்னாலைக்கட்டுவன், அதற்குப் பிறகு புலோலி. அரிவரி படித்த எவருக்கும் லகரம் முதல், னகரம் கடைசி. ஆனால் யூனிகோட்டின் தமிழ் வரிசை தேவநாகரியை முன்மாதிரியாக வைத்து அடுக்கப்பட்டது. னகரத்தை நகரத்துக்குப் பக்கத்திலும், றகரத்தை ரகரத்துக்குப் பக்கத்திலும் குந்தவைத்துவிட்டார்கள். எழுத்தின் யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற கட்டளை அப்படித்தான் அடுக்கும். 1842 இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதியில் 58,500 சொற்கள். அத்தனையையும் கையால் அகரவரிசைப்படுத்தியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

பட்டியலில் இன்னொரு கூட்டம் இருந்தது. ஆங்கில எழுத்து, ஆனால் எந்த மொழியும் இல்லை. எனக்கு உடனே விளங்கியது. பாமினி. யூனிகோட் வருவதற்கு முன் இலங்கையில் நாம் எல்லோரும் அடித்த எழுத்துரு. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துத்தான், மேலே தமிழ் முகமூடி. முகமூடி கட்டுரைக்குள் மட்டும் வேலை செய்யும். கோப்பின் பெயருக்குப் போட முடியாது. விரலுக்கு அது தெரியுமா? பெயரையும் அதே பழக்கத்தில் அடித்திருக்கிறேன்.

அவற்றைத் தன் மடிக்கணனிக்கு மாற்றினான் மருமகன். அதில் லினக்ஸ். அங்கே கட்டளை இன்னும் குட்டை. எல், எஸ் என்று இரண்டே எழுத்து. 1971 இல் பெல் ஆய்வுகூடத்தில் வெளியான யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டச்சு முனையத்தில் ஒவ்வோர் எழுத்தையும் அமுக்கி அடிக்கவேண்டும். விரலுக்கு இரங்கி லிஸ்ட் என்ற சொல்லை இப்படி நறுக்கினார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் யாரும் அதை நீட்டவில்லை.

பட்டியலில் ஒரு பெயர்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வாய்க்குள் பாமினியில் படித்தேன். அம்மா. மகரப் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளிச் சாவி.

மருமகன் அந்தப் பெயரைக் கட்டளையில் அப்படியே அடித்தான். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. பிறகு, இப்படி ஒரு கட்டளையும் எனக்குத் தெரியாது என்றது. அவனுக்குச் சிரிப்பு. அங்கே அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். எங்கள் அம்மாவைப் புள்ளியில் இரண்டாக வெட்டி, முன்பாதியைக் கோப்பென்று தேடி, பின்பாதியைக் கட்டளையென்று ஓட்டப் பார்த்திருக்கிறது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டதும் அம்மா முழுதாக வந்தா. (ஈழம் என்ற பெயரில் பாமினியில் ஒரு கோப்பும் இல்லாததன் காரணமும் அன்றுதான் பிடிபட்டது. ஈகாரத்துக்கு இடப்பக்கம் பார்க்கிற அம்புக்குறி. கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காத ஒன்பது குறிகளில் அதுவும் ஒன்று. வேறு அரசியல் இல்லை.)

கோப்பைத் திறந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் ஒதுங்கியிருந்த நாட்களில் அம்மா ஒரு சதுரறூள் கொப்பியில் வீட்டில் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் எழுதினா. கொப்பி செல்லரிக்கத் தொடங்கியபோது நான் அதைப் பாமினியில் அடித்து வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு 2. ஐயாவின் சைக்கிள், பின் ரியூப் இல்லை. கிணற்று வாளி, கயிறு புதுசு. ஊறுகாய்ச் சாடி 3, ஒன்று வெடிப்பு. இடியப்ப உரல். கோழி 5, அடையில் 1. இப்படி இரண்டரைப் பக்கம். கயிறு புதுசென்று எழுதிய அதே கை, கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது: புத்தகம் – ஓர் அலுமாரி.

எந்தப் புத்தகம்? ஐயா வாங்கிச் சேர்த்தவை அவை. திரும்பிப் போனபோது அலுமாரி மட்டும் நின்றது. இன்று அக்காவும் நானும் உட்கார்ந்து ஞாபகப்படுத்தினால் பதினொரு பெயருக்கு மேல் தேறவில்லை.

ஊருக்கும் இதே கதைதான். 1981 மே 31 இரவுக்குப் பிறகு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பற்றிப் பேசும்போது 97,000 என்ற எண் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்த 97,000 இல் பத்து நூலின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லுவோம்? எண் கோபத்துக்குப் போதும். தேடி எடுப்பதற்குப் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர்களை எழுதத் தொடங்கியவர்களும் நம்மவர்கள்தான். நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 இலிருந்து வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூலென்று ஈழத்தவர் எழுதியதைக் குறிப்போடு அடுக்குகிறது. வாசிக்கச் சுவையான புத்தகமா என்று கேட்டால், இல்லை. ஆனால் என் மேசையில் அடிக்கடி விரிவது அதுதான். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் வேறொரு கெட்டித்தனம் செய்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுத்து, உறைக்கும் கோப்புக்கும் அந்த எண்ணையே பெயராக வைத்தது. முதல் நூறு ஒரு பெரிய உறையில், அடுத்த நூறு அடுத்ததில். பாமினியும் இல்லை, புள்ளியும் இல்லை, புலோலிக்கும் புன்னாலைக்கட்டுவனுக்கும் சண்டையும் இல்லை. தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் பட்டியலில் தனியாக இருக்கும்.

என் டிஸ்கில் மொத்தம் 3,118 கோப்பு. பாதி ஒரே கட்டுரையின் பல பிரதிகள். பட்டியலை அச்செடுத்து ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன், ஒன்றைக் கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்பினேன். நீங்களும் இந்தக் கிழமை வீட்டுக் கணனியில் அந்தக் கறுப்பு யன்னலை ஒருக்கால் திறவுங்கள். முதலில் 65001, பிறகு பட்டியல். அது முடிந்தால் புத்தக அலுமாரிக்கு முன்னால் ஒரு கொப்பியோடு இருங்கள். அதற்குக் கட்டளை கிடையாது, கையால்தான் எழுதவேண்டும். தயவுசெய்து ‘ஓர் அலுமாரி’ என்று எழுதிவிடாதீர்கள்.