திராட்சை விளையும் நாட்டில் ஒரு சைக்கிள் பயணம்: விலக்க வேண்டியது எது?

விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, நம் குடும்பங்களில் சில ஊர்கள் பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே தள்ளப்பட்டுவிடுகின்றன. ஐரோப்பாவில் திராட்சை விளையும் பகுதிகள் அவற்றுள் முதன்மையானவை. "மது வடிக்கும் ஊரில் நமக்கென்ன வேலை?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். பேணுதலில் பிறக்கும் இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். மதிப்பதனாலேயே அதற்கு நிதானமாக விடை தேட விரும்புகிறோம்.

ஆஸ்திரியாவின் வாஹவ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே டான்யூப் ஆற்றை ஒட்டி நீளும் சுமார் 35 கிலோமீட்டர் நிலப்பகுதி இது. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. வியன்னாவிலிருந்து மெல்க் செல்ல ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். ஆற்றின் இரு கரைகளிலும் சைக்கிள் வழி உண்டு, பெரும்பாலும் சமதளம். பழகியவர்கள் ஒரே நாளில் கடந்துவிடுவர். பிள்ளைகளோடு செல்வோர் இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்வது நன்று. ஸ்பிட்ஸ் என்னும் சிற்றூரில், கம்பி வடத்தில் பிணைக்கப்பட்டு, நீரோட்டத்தின் விசையாலேயே அக்கரை சேரும் படகைக் காணலாம். சைக்கிளோடு அதில் ஏறிச் செல்லும் பிள்ளைக்கு அதுவே ஓர் அறிவியல் பாடம்.

சரிவுகளெங்கும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய சுவர்கள் மண்ணைத் தாங்கி நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் அவற்றைப் பழுதுபார்த்து வருகின்றனர். ஆற்றோரத்தில் ஆப்ரிகாட் மரங்கள். ஜூலையில் அவற்றின் கனிகள் பழுக்கும். திருக்குர்ஆன் திராட்சையை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகப் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆம் வசனமோ, பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் பெறுவதைச் சேர்த்தே கூறிச் சிந்திக்கச் சொல்கிறது. கனி ஒன்று, அதிலிருந்து பிரியும் வழிகள் இரண்டு. ஹராமாவது போதையே; கொடியும் மண்ணும் அதை வளர்க்கும் உழைப்பும் ஹராமாகிவிடுவதில்லை.

இப்பாதையில் நம் வரலாறும் குறுக்கிடுகிறது. டூர்ன்ஸ்டைன் கிராமத்துக்கு மேலே பாறை முகட்டில் ஒரு கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. மூன்றாம் சிலுவைப் போரில் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களை எதிர்த்துப் போரிட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்ட இடம் அது. 1192 செப்டம்பரில் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது; ஆயுதமின்றி வரும் கிறித்தவ யாத்திரிகர்கள் ஜெருசலம் செல்ல அது வழி திறந்தது. ஊர் திரும்பிய ரிச்சர்டை அதே ஆண்டு டிசம்பரில் வியன்னா அருகே பிடித்தவர் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட். அக்கா நகர முற்றுகையில் ரிச்சர்டின் அணியிலேயே நின்றவர். 1193 மார்ச்சில் ஸலாஹுத்தீன் டமாஸ்கஸில் மறைந்தபோதும் ரிச்சர்ட் காவலில்தான் இருந்தார். பெரும் மீட்புத்தொகை கைமாறிய பின்னரே 1194 பிப்ரவரியில் விடுதலையானார். எதிரி சமாதானம் பேசி வழியனுப்பினார். தோழர் வழிமறித்துச் சிறைவைத்தார். வாக்கின் மதிப்பையும் பகைமையிலும் பேண வேண்டிய நீதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எது?

எல்லைகளும் தெளிவாக இருக்க வேண்டும். மதுச் சுவைப்புக்கு அழைக்கும் அறிவிப்புகள் வழியெங்கும் தென்படும். அவை நமக்குரியவை அல்ல. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். ஆகவே, 'ஹொய்ரிகர்' எனப்படும் மதுவிடுதிகளைத் தவிர்த்து, ரொட்டியும் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கி ஆற்றங்கரையில் அமர்ந்து உண்பதே சிறந்தது. இலையுதிர் காலத்தில் 'ஷ்டுர்ம்' என்ற பானம் விற்பார்கள். கலங்கிய பழச்சாறு போலவே தோன்றும். ஆனால் அது பாதி புளித்த, போதை ஏறிய சாறு. புளிக்காத திராட்சைச் சாற்றுக்கு 'ட்ரௌபென்சாஃப்ட்' என்று பெயர். இவ்விரு சொற்களையும் பிள்ளைகளுக்கு முன்பே கற்றுக்கொடுங்கள். குழம்புகளில் மது சேர்த்திருக்கிறார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். கோடையில் அங்கே மஃரிப் நேரம் இரவு 9 மணியை ஒட்டி வரும். தொழுகை நேரங்களை முன்வைத்தே அன்றாடப் பயணத்தைத் திட்டமிடுங்கள். தொழுகை விரிப்பு ஒன்று சைக்கிள் பையில் இருக்கட்டும்.

மதுப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், இப்பயணம் வேண்டாம் என்றே சொல்வோம். அவருடைய மனஉறுதியைச் சோதிக்கும் உரிமை நமக்கில்லை. மற்றவர்களுக்கு நாம் சொல்வது வேறு. நம் ஊரில் டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் பல தெருக்களில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். மது கண்ணில் படாத ஊரை அவர்களுக்காக நம்மால் உண்டாக்க முடியாது. நாளை படிப்புக்கும் வேலைக்கும் அவர்கள் தனியே செல்லும் இடங்களில் கிண்ணம் நீட்டப்படும்போது அருகில் நாம் இருக்கமாட்டோம். "நன்றி, நாங்கள் அருந்துவதில்லை" என்று தந்தையும் தாயும் முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல் சொல்வதை அவர்கள் இப்போதே கேட்டிருக்க வேண்டும். எதிரில் நிற்கும் தோட்டக்காரரை இழிவாகப் பார்க்காமலே அவர் தருவதை மறுக்கலாம் என்பதையும் கண்டிருக்க வேண்டும்.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்றே நமது மார்க்கம் நம்மை அழைக்கிறது. இத்தகைய நிலங்களுக்குச் செல்லும் குடும்பம் எல்லையை அறிந்து செல்லட்டும். பிள்ளைகளையும் கூடவே அழைத்துச் செல்லட்டும். அல்லாஹ் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக்கி வைப்பானாக.