தெருவைக் கூட்டுபவளுக்கு ஒரு கழிப்பறை இல்லை

விடியுமுன் துடைப்பத்துடன் தெருவில் இறங்கும் பெண் தூய்மைப் பணியாளர்களில் பலர் தண்ணீர் குடிக்காமலேயே வேலைக்கு வருகின்றனர். குடித்தால் சிறுநீர் வரும்; வந்தால் போக இடமில்லை. தெருவிலுள்ள வீடுகளிலெல்லாம் கழிப்பறை உண்டு. அவ்வீடுகளின் குப்பையை அள்ளும் பெண்ணுக்கு அக்கதவு திறப்பதில்லை. இதை வெறும் வசதிக்குறைவு என்று நாம் கடந்துவிட முடியாது. இப்பணியில் தள்ளப்பட்டோர் பெரும்பாலும் தலித் மக்களே. மூடிய கதவுக்குப் பின்னால் நிற்பது சாதி.

சிறுநீரை எப்போதாவது அடக்குவதால் பெருந்தீங்கு நேர்வதில்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் அடக்கும்போதுதான், வெளியேற வேண்டிய கிருமிகள் சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகுகின்றன. பெண்களின் சிறுநீர்வழி சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆகவே தொற்று எளிதில் உள்ளே நுழைகிறது. அது சிறுநீரகம்வரை ஏறினால் குளிர்காய்ச்சலும் விலாவலியும் வாட்டும். கருவுற்றவர்களுக்குக் குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு. ஓயாமல் அளவு மீறி விரியும் சிறுநீர்ப்பை, சுருங்கும் வலுவை இழக்கக்கூடும். தண்ணீரைத் தவிர்ப்பதோ சிறுநீரகக் கற்களுக்கும் கோடையில் நீரிழப்புக்கும் வழிவகுக்கிறது.

2025 ஜனவரி 15 அன்று, ராஜீப் கலிதா வழக்கில், கழிப்பறை வசதி அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அனைத்து நீதிமன்ற வளாகங்களிலும் அவ்வசதியை ஏற்படுத்த ஆணையிட்டது. வழக்கறிஞர்களாக நாம் அத்தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால், கறுப்பு அங்கி அணிந்தோருக்கு உரிய வாழ்வுரிமை, அந்த வளாகத்துக்கு வெளியே தெருவைக் கூட்டுபவருக்கு மட்டும் இல்லாமற்போகுமா?

சட்டத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை தர வேண்டியது ஒப்பந்ததாரர். அவர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அப்பொறுப்பை நேரடியாக முதன்மை வேலையளிப்பவர் மீதே வைக்கிறது. பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். இவ்வளவு இருந்தும், தெருவை ஒரு பணியிடமாக எண்ணிப் பார்க்க நிர்வாகங்களுக்கு மனமில்லை. ஒப்பந்ததாரரும் உள்ளாட்சி அமைப்பும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பிக்கின்றனர்.

எனவே தெருவும் பணியிடமே என்பதை நிலைநாட்டுவது நம் முதற்பணி. உங்கள் வார்டில் எத்தனை தூய்மைப் பணியாளர்கள் உள்ளனர், பணிநேரத்தில் அவர்களுக்குத் திறந்திருக்கும் கழிப்பறைகள் எத்தனை, அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள் தோழர்களே. எழுத்தில் வரும் பதில் நமக்குச் சான்று; அதைக் கொண்டு வழக்காடுவோம்.