ரத்தக் குழாயிலும் நிறபேதமா?

கறுப்பருக்கு ஒரு ரத்தக் குழாய், வெள்ளையருக்கு ஒரு ரத்தக் குழாய் என்று ஒரு தத்துவம் நெடுநாளாக உலவி வருகிறது. இது வெறும் பண்டிதர் வாதமல்ல. இதில் சிலருடைய லாபம் இருக்கிறது. பலருடைய உயிரும் இருக்கிறது. ஆகவே உழைக்கும் ஜனங்கள் இதன் சூட்சுமத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

புதுவை மக்களுக்கு நிறபேதம் புதிதல்ல. பெரிய வாய்க்காலை எல்லையாக வைத்து, கடற்பக்கம் வெள்ளை நகரம், மறுபக்கம் கறுப்பு நகரம் என்று பிரித்தது பிரெஞ்சு ஏகாதிபத்தியம். 1954ல் அதன் ஆட்சி முடிந்தது. ஆனால் மனிதரை நிறத்தால் பிரிக்கும் புத்தி, விஞ்ஞான வேடம் பூண்டு இன்னும் நடமாடுகிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் தந்த ரத்தத்தைத் தனியே பிரித்து வைத்தது. 1950ல்தான் அந்த அநாகரிகம் ஒழிந்தது. ரத்தத்தில் தோற்ற வாதம் பிறகு ரத்தக் குழாய்க்குத் தாவியது. குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு கறுப்பர் உடம்பில் குறைவு என்றார்கள்.

உடனே வியாபாரம் தொடங்கியது. ஹைட்ரலசின், ஐசோசார்பைட் டைநைட்ரேட் என்ற இரண்டு பழைய மருந்துகளை ஒரே மாத்திரையாக்கி ‘பைடில்’ என்று பெயரிட்டார்கள். 1997ல் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு இதய பலவீனமுள்ள கறுப்பர் 1,050 பேரிடம் மட்டும் சோதித்து, 2005ல் ‘கறுப்பருக்கான மருந்து’ என்று அனுமதி பெற்றார்கள். சோதனையில் மரணம் 43 சதவீதம் குறைந்தது, மருந்து நல்லதே. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு வெள்ளையர்கூட இல்லையே! அப்படியிருக்க, இது கறுப்பருக்கே உரியது என்று எப்படித் தெரிந்தது? ரகசியம் காப்புரிமையில் இருக்கிறது. பழைய காப்புரிமை 2007ல் முடிவதாயிருந்தது. கறுப்பர் பெயரால் பெற்ற புதியது 2020 வரை நீண்டது!

சராசரியில் வித்தியாசம் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அது பிறவியிலா வந்தது? ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தூக்கமின்மை, ஓயாத கவலை இவையெல்லாம் குழாயின் உட்சுவரை அரிக்கின்றன. வறுமையின் தழும்பை ஜாதகமாக்குவது எந்த நியாயம்? நம்மவரின் இதயக் குழாயே பிறவியில் குறுகியது என்றும் சொல்கிறார்கள். உடம்பின் அளவையும் கணக்கில் சேர்த்த ஆய்வுகள் பலவற்றில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லையா? உண்டு. பெண்ணின் ஈஸ்ட்ரோஜென் குழாய்ச் சுவரைப் பாதுகாக்கிறது. மாதவிலக்கு நின்றபின் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. ஆனால் விநோதத்தைப் பாருங்கள்! நிறத்துக்கு மாத்திரை செய்த அதே நாட்டில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பச் சோதனைகளிலிருந்து 1977ல் விலக்கினார்கள். 1993 வரை அந்த விதி நீடித்தது. மார்வலி கண்ட பெண்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 1996ல்தான் தொடங்கியது. பெரிய குழாயில் அடைப்பில்லாத பெண்களைப் பரிசோதித்தபோது, சுமார் பாதிப் பேருக்கு நுண்குழாய்கள் சரியாக விரியவில்லை என்று தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் தெரிவதில்லை!

இதற்கும் வைத்திக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விடியுமுன் எழுந்து, மீன் கூடை சுமந்து, வெயிலில் நின்று விற்கும் மீனவப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. தாடையும் முதுகும் வலிக்கின்றன. படத்தில் அடைப்பில்லை என்றதும், “வாயு, மனக்கவலை” என்று சொல்லி அனுப்பிவிடுவது வைத்தியமா? அவள் நெஞ்சுவலி பொய்யல்ல. கருவி காணாததை நோயே இல்லையென்று சொல்வதுதான் பொய்!

1823ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இதே புதுவையில் இருக்கிறது. நாட்டுக்கே வழிகாட்ட வேண்டிய ஊர் இது. நாம் கேட்பது தர்மமல்ல, உரிமை. குப்பங்கள் தோறும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகச் சோதிக்கப்பட வேண்டும். நுண்குழாய்ச் சோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். ஆராய்ச்சிகளில் உழைக்கும் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும். நிறத்தைக் காட்டி லாபம் பறிப்பதும், பெண் என்று நோயைத் தட்டிக்கழிப்பதும் ஒழியட்டும்!