முயல் கண்ணியும் சரணாலய எல்லைக்கல்லும்

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் வறண்ட குன்றுகளில் வாழும் தேவாங்கைக் காக்க, 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இதன் பரப்பு 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. பயிர்களை அழிக்கும் பூச்சிகளை உண்டு வாழும் இச்சிறு விலங்கைக் காப்பது சரியான முடிவே. ஆனால், அந்த அறிவிப்பு வேறொன்றையும் மாற்றியது. அதைப் பற்றி ஊர்களில் எவரும் பேசவில்லை.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும்கூட வேட்டையே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி முயல் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. சரணாலயத்துக்கு வெளியே முயல் பிடித்தால், மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். குறிப்பிட்ட தொகையைச் செலுத்தி வனத்துறையிலேயே வழக்கை முடித்துக்கொள்ளவும் வழியுண்டு. அத்தொகையின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. அதே முயலைச் சரணாலயத்துக்குள் பிடித்தால் குறைந்தபட்சம் மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. பணம் செலுத்தி முடிக்கவும் வழியில்லை. எல்லைக்கல்லின் எந்தப் பக்கம் நின்றார் என்பதே ஒருவரின் மூன்றாண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சுமை யார் தலையில் விழும்? கௌதாரி, காடை, முயல் ஆகியவற்றைப் பிடித்து வாழ்ந்தவர்கள் நரிக்குறவர் போன்ற நிலமற்ற மக்கள். விலங்கோ இறைச்சியோ கைவசம் இருந்தால், அது சட்டவிரோதமாகப் பெறப்பட்டதன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பிரிவு 57 குற்றம் சாட்டப்பட்டவர் மீதே சுமத்துகிறது. காவல்துறை அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. வனத்துறை அதிகாரி காவல்துறை அதிகாரி அல்லர் என்பதால் அவரிடம் அளித்த ஒப்புதலுக்கு அந்தத் தடை பொருந்துவதில்லை. வழக்கறிஞர் இல்லாத ஓர் ஏழையின் வழக்கு வனச்சரக அலுவலகத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது.

மரபுரிமை என்ற வாதமும் இங்கே உதவாது. 2006 வன உரிமைச் சட்டம் வேட்டையை வெளிப்படையாக விலக்கிவிட்டது. வனவிலங்குச் சட்டத்தின் பிரிவு 65 நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையை மட்டுமே காக்கிறது. வேட்டை உரிமையை நாமும் கேட்கவில்லை. வேட்டையை இழந்தவர்களுக்கு அரசு என்ன தந்தது என்றே கேட்கிறோம்.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகள் குறித்து அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அவற்றைக் கொல்லக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பயிரை இழக்கும் விவசாயியின் துயர் உண்மையானது. அதற்காகச் சட்டம் வளைந்து கொடுத்ததில் தவறில்லை. நிலம் உள்ளவரின் இழப்புக்கு வளைந்த சட்டம், நிலமற்றவரின் பிழைப்பு பறிபோனபோது ஏன் அசையவில்லை?

மாற்று வழி இல்லாமலில்லை. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைசெய்யப்பட்டபின் வருவாய் இழந்த இருளர்களுக்காக, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அரசின் அனுமதியோடு பாம்பு பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து தயாராகிறது. வேட்டை அறிவு உயிர்காக்கும் தொழிலானது. தேவாங்கின் இருப்பிடத்தை இரவிலும் அறிந்தவர்களுக்குக் கடவூரில் கணக்கெடுப்புப் பணியும் காவல் பணியும் தரலாம்.

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. எனவே, பிறர் அவர்கள் மீது தொடுக்கும் பொய் வழக்குகளுக்கு எதிராக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(பி) இப்போது துணை நிற்கும். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்ய வேண்டியவை மூன்று: சரணாலய எல்லையைக் கிராம சபைகளில் தமிழில் படித்துக் காட்டச் செய்வது, வேட்டை வழக்குகளில் கைதானோரின் சமூக விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுப் பெறுவது, கைதான முதல் நாளிலேயே இலவச சட்ட உதவி கிடைக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுவது. தேவாங்கும் வாழட்டும், அதன் அண்டையில் வாழ்பவர்கள் சிறையில் வாட வேண்டாம்.