நேரம் போடாத தகவல்

2015 டிசம்பர் 2ஆம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்று அப்போது செய்தி வந்தது. அச்சகம் மறைமலைநகரில். வெள்ளத்தைத் தாண்டி ஊழியர்களால் அங்கே போய்ச்சேர முடியவில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர் இரவோடு இரவாக அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

பேப்பர் வராத அந்த நாட்களில் செய்தியைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் முகம் தெரியாத இளைஞர்கள். ட்விட்டரில் வந்த உதவிக் கோரிக்கைகளை கூகுள் விரிதாள்களில் ஏற்றினார்கள். எந்த மண்டபத்தில் தங்கலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும், யாரிடம் படகு இருக்கிறது என்று பட்டியல் நீண்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து, தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறித்துக் காட்டினார்கள்.

பெங்களூரில் இருந்த என் அண்ணன் மகள் மூன்று இரவுகள் தூங்காமல் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். புதிதாக எதையும் அவள் எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துக் கேட்பதுதான் அவள் வேலை. “சித்தப்பா, அந்த மண்டபம் நேத்தே நிறைஞ்சிடுச்சாம், அடிச்சுட்டேன். ஆனா பழைய மெசேஜ் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு” என்றாள். சரிபார்த்த ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மணி எத்தனை என்று குறித்து வைத்தாள். பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர்கள் செய்கிற வேலை அது. சம்பளமில்லாமல், பெயரில்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே நாட்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், பெருமழை வரப்போவதாக நாசா எச்சரித்தது என்றும் வாட்ஸ்அப்பில் புரளி பரவியது. இரண்டுக்கும் மறுப்பு வந்தது. புரளியையாவது மறுத்துவிடலாம். நேற்று உண்மையாக இருந்து இன்று காலாவதியான தகவலை என்ன செய்வது? அதில் பொய் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. அதனால்தான் அதை யாரும் நிறுத்துவதில்லை. அதை நம்பி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிறைந்துபோன மண்டபத்துக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். வார்டுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் நேரம், பொறுப்பாக ஓர் ஆள். மாநகராட்சி இதை மழைக்கு முன்பே செய்து வைக்க வேண்டும். பத்திரிகைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது என் கைப்பேசிக்கு ஒரு தகவல் வந்தது. முதல் மாடியில் வயதானவர்கள் சிக்கியிருக்கிறார்கள், படகு வேண்டும் என்று கேட்டு ஒரு எண். தேதியும் இல்லை, நேரமும் இல்லை. அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். முந்தின நாளே அவர்களை மீட்டுவிட்டார்களாம்.

“காலையிலேர்ந்து நூறு பேர் கூப்பிட்டுட்டாங்க சார். எல்லாரும் நல்ல மனசோடதான் கேக்கறாங்க. சார்ஜ் தீரப்போகுது, கரண்டும் இல்ல. எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும், வச்சிடட்டுமா?”